தறிக்குழியில் நின்ற தண்ணீர்

அன்புள்ள ஐயா,

பள்ளியில் பொருளியல் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்காக வெள்ளச் சேத அட்டவணை ஒன்று போட்டேன். 2018 கேரள வெள்ளத்தில் சேதமான கட்டடங்கள் 1.75 லட்சம். அதே ஆண்டு கஜா புயலில் வீடுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2024 ஃபெஞ்சல் புயலில் குடிசைகள் 2,416, வீடுகள் 721, ஆக 3,137. "அப்போ ஃபெஞ்சல் சின்னதுதானே சார்?" என்று ஒரு பையன் கேட்டான். ஏற்காடு மலைப்பாதை மண் சரிந்து கிடந்ததை நேரில் பார்த்தவன் அவன். ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இல்லை என்று சொல்லக் கையில் கணக்கும் இல்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எஸ்., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள எஸ்.,

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். கேரள வெள்ளம் பெரியது, அதில் சந்தேகமே வேண்டாம். 14 லட்சம் பேர் முகாம்களில் கிடந்தார்கள். ஆனால் உங்கள் அட்டவணைப்படி அது ஃபெஞ்சலைப் போல 56 மடங்கு என்று வருகிறதே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மூன்று எண்களையும் எடுத்த நாள் வேறு, எண்ணிய பொருளும் வேறு.

முதலில் நாள். 3,137 என்பது 2024 டிசம்பர் 2 அன்று அன்றைய நம் முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் கணக்கு. புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு. கடிதம் போன நேரத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியிருந்தது. சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டு, தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் வீட்டை எந்த வி.ஏ.ஓ. போய் எண்ண முடியும்? அதே கடிதம் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 69 லட்சம் என்கிறது. தற்காலிகச் சீரமைப்புக்கு 2,475 கோடி என்று அதில் மதிப்பிட்ட அரசு, அடுத்த சில நாளில் மத்தியக் குழுவிடம் 6,675 கோடி கேட்டது. கணக்கு அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது. கேரளத்தின் 1.75 லட்சமோ ஆகஸ்டில் வந்த வெள்ளத்துக்கு அக்டோபரில் ஐ.நா. அமைப்புகளும் மாநில அரசும் சேர்ந்து தந்த அறிக்கையில் உள்ளது. அதுவும் முழுதாகவோ பகுதியாகவோ சேதமான கட்டடங்களின் தொகை.

கஜாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பெரும் சேதம் காற்றால் வந்தது. காற்று கூரையைப் பிய்த்தால் விடிந்ததும் கண்ணுக்குத் தெரியும், அன்றே எண்ணலாம். தண்ணீர் அப்படிச் செய்யாது. மண் சுவர் அடியில் ஊறிப்போய் நிற்கும். வெள்ளம் வடிந்து, வெயில் வந்து, "தப்பிச்சோம்" என்று பாத்திரம் கழுவி அடுக்கிய பிறகு, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ராத்திரியில் விழும். முதல் வாரக் கணக்கில் அந்தச் சுவர் சேராது.

அடுத்தது, எதை வீட்டுச் சேதம் என்கிறோம் என்பது. அப்போது (2022-26) நடப்பில் இருந்த மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிப்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமானால்தான் ஒரு வீடு பகுதி சேதம் என்று ஏறியது. அப்படி ஏறினால் கல் வீட்டுக்கு 6,500 ரூபாய், மண் வீட்டுக்கு 4,000 ரூபாய். சுவரையும் கூரையையும் பார்த்துப் போடும் கணக்கு இது.

இங்கேதான் என் சித்தி வீடு ஞாபகம் வருகிறது. சேலத்தில் குகை என்ற பகுதியில் ஓட்டு வீடு, முன்கூடத்தில் குழித்தறி, அதாவது தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்யும் தறி. சித்தப்பா நெய்வார், சித்தி தார் (ஊடைநூல்) சுற்றுவார். ஃபெஞ்சல் கொண்டுவந்த அந்த டிசம்பர் மழையில் வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் தரைக்கடியில் ஊற்றெடுத்துத் தறிக்குழி நிரம்பிவிட்டது. மிதிகட்டை இரண்டும் தண்ணீருக்குள். நான் போனபோது சித்தப்பா குழி ஓரத்தில் குத்தவைத்து, சின்ன வாளியால் மொண்டு மொண்டு வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார். மொண்ட அளவு மறுபடி ஊறிக்கொண்டே இருந்தது. தறியில் பாதி நெய்த பட்டுச் சேலை. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், ஓதம் அடித்துத் தொய்ந்திருந்தது, விரலால் தட்டினால் விறைப்பே இல்லை. சேலையில் பூ வேலைக்கு வைக்கும் ஜக்கார்டு அட்டைகள் ஈரத்தில் உப்பிப்போயிருந்தன. குழி காய்ந்து, அவர் மறுபடி காலை இறக்கி மிதிக்க 22 நாள் ஆனது. 22 நாளும் கூலி இல்லை. அந்தப் பாவும் முதலாளி கொடுத்தது, அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டைப் பார்க்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், செல்போனில் ஒரு படம் எடுத்தார். சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவரிடம் இருந்த படிவத்தில் தறிக்குழிக்குக் கட்டம் கிடையாது. நெசவாளருக்குக் கருவி போனால் 5,000, நூல் போனால் 5,000 என்று அதே நிவாரண விதியில் இருந்தது. ஆனால் அது தொழில் கணக்கு. வீட்டுக் கணக்கில் சித்தி வீடு முழுசாக இருக்கிறது. சேலத்தாம்பட்டி ஏரி நிரம்பினால் தண்ணீர் சூழும் சிவதாபுரத்திலும் இப்படித் தறி போட்ட வீடுகள் உண்டு. வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கும் ஊரில், விழாத சுவரை வைத்து "சேதம் இல்லை" என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மலைக்கும் ஒரு வார்த்தை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு திருமணிமுத்தாறாகச் சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் வழியே காவிரிக்குப் போகிறது. இன்னொரு பங்கு வாணியாறாகத் தருமபுரிப் பக்கம் இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. ஒரே மலையில் பெய்த மழைக்கு மாவட்டத்துக்கு ஒரு கணக்கு. முழுதாகப் போன வீட்டுக்கு அன்றைய அதே விதிப்படி சமவெளியில் 1.20 லட்சம், மலையில் 1.30 லட்சம். பாதை சரிந்து கிடக்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மணலும் சிமென்ட்டும் ஏற்ற அந்தப் பத்தாயிரம் எந்த மூலைக்கு?

உங்கள் அட்டவணையைக் கிழிக்க வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தேதியில் எடுத்தது, குடிசையா வீடா கட்டடமா, முழுச் சேதமா பகுதியா என்று எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத இடத்தைக் காலியாக விடட்டும், பக்கத்து எண்ணோடு ஒப்பிட வேண்டாம். பிறகு அந்தப் பையனையும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை குகைக்கு வாருங்கள். அந்த மழையில் எத்தனை நாள் தறி நின்றது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். நானும் வருகிறேன். சித்தி வீட்டிலிருந்தே தொடங்கலாம், அவர்களுக்கு 22 என்று போட்டுக்கொள்ளுங்கள்.