கைடு போதுமா, புத்தகம் வேண்டுமா?

கேள்வி: கடலூரில் பி.ஏ. வரலாறு முதலாம் ஆண்டு படிக்கிறேன், தமிழ் வழி. இந்த வருடம் தமிழக வரலாறு இரண்டு பேப்பர். வகுப்பில் ஏழெட்டுப் புத்தகங்களின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சீனியர் அக்காவிடம் வாங்கிய தடிமனான புத்தகத்தைத் திறந்தால் பத்தாவது பக்கத்தில் தூக்கம் வருகிறது. தோழிகள் எல்லோரும் கைடு வாங்கிவிட்டார்கள். அப்பாவிடம் ஒரு புத்தகத்துக்குத்தான் காசு கேட்க முடியும். எதை வாங்குவது, எப்படிப் படிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: தூக்கம் வருவது உங்கள் குறையாக இருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரி வரலாற்றுப் புத்தகங்களில் பல, விடைத்தாளைப் போலவே எழுதப்பட்டவை. காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு, நடுவில் மன்னர்களின் வரிசை. யார் படித்தாலும் கண் சொக்கும்.

எந்தப் புத்தகம் தேறும் என்பதைக் கடையில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம். அட்டையையும் அணிந்துரையையும் விடுங்கள். உங்கள் ஊர் வரும் பக்கத்தைத் திறங்கள். முதல் கர்நாடகப் போர், 1746. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1748 உடன்படிக்கையால் அது ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது என்று இரண்டு வரியில் முடித்திருந்தால், தப்பு ஒன்றுமில்லை, ஆனால் மூடி வைத்துவிடுங்கள். ஆஸ்திரிய அரியணைக்காக ஐரோப்பாவில் நடந்த சண்டை ஏன் நம் கடற்கரைக்கு வந்தது? சென்னை கைவிட்டுப் போனதும் ஆங்கிலேயர் எங்கிருந்து நிர்வாகம் பண்ணினார்கள்? நீங்கள் பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிலிருந்து. 1752 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் அதுதான். அதே 1746 அக்டோபரில், அடையாற்றங்கரையில் ஆற்காடு நவாப் அன்வாருதீனின் மகன் நடத்திவந்த பெரும்படையை ஒரு சிறிய பிரெஞ்சுப் படை சிதறடித்தது. ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் சில நூறு பேரே போதும் என்ற தைரியம் ஐரோப்பியருக்கு அங்கேதான் வந்தது. அடுத்த இரண்டு கர்நாடகப் போர்களும் இந்த இடம் புரியாமல் புரியாது. இதையெல்லாம் கோத்துச் சொல்கிற புத்தகத்துக்குக் காசு கொடுக்கலாம்.

இன்னொரு பக்கமும் பார்த்துவிடுங்கள். 1690இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. சுற்றிலும் சுட்டு, எல்லைக்குள் வந்த ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்று பெயரே வந்துவிட்டது. சுவையான கதை, எல்லோரும் சொல்வார்கள். மராத்தியர் ஏன் விற்றார்கள் என்று சொல்கிறதா பாருங்கள். செஞ்சியில் முகலாயப் படையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மராத்திய மன்னர் ராஜாராமுக்குப் பணம் தேவைப்பட்டது. கதையோடு நின்றுவிடும் புத்தகம் படிக்க ஜோராக இருக்கும், பரீட்சையில் கை கொடுக்காது.

அப்புறம், பதிப்பு ஆண்டு. மறுஅச்சு ஆண்டைப் பார்த்துப் புதுசு என்று ஏமாந்துவிடாதீர்கள், முதற்பதிப்பு எப்போது என்று பாருங்கள். புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் அரிக்கமேட்டை 1945இல் தோண்டிய மார்டிமர் வீலர், ரோமானிய வணிகத்தை வைத்தே அதன் காலத்தைக் கணித்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டியபின், ரோமானியர் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, பிறகும் நெடுங்காலம் இருந்தது என்று கணிப்பு மாறியது. பழைய புத்தகங்கள் இன்னும் வீலரோடேயே நிற்கின்றன.

பெயர் சொல்லுங்கள் என்றால், கே.கே. பிள்ளையின் ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’. 1972இல் வந்தது. நடை கொஞ்சம் பழசு, ஆனாலும் ஒரு காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இடம் கொடுத்து எழுதிய புத்தகம். அகழாய்வுகளுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். 2015இல் தோண்ட ஆரம்பித்த கீழடியை அதில் தேட முடியாதே! அந்தக் குறையைப் பதினோராம் வகுப்புக்கான அரசுப் பாடநூலை வைத்து நிரப்பலாம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளிப் புத்தகம்தானே என்று முகம் சுளிக்காதீர்கள். புரியாத பாடத்தை முதலில் அதில் படித்துவிட்டுப் பெரிய புத்தகத்துக்குப் போனால் பாதி பாரம் குறைந்துவிடும். வாங்குவதற்கு முன் நூலகத்தில் எடுத்து ஒரு அத்தியாயம் படித்துப் பாருங்கள். துறை நூலகத்தில் இல்லையென்றால் புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

படிக்கிற விதம்தான் பெரிய விஷயம். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். சிலபஸில் அந்த யூனிட்டைப் பார்த்து, நீங்களே இரண்டு மூன்று ‘ஏன்’ கேள்விகள் எழுதிக்கொண்டு, விடை தேடுவதற்காக மட்டும் புத்தகத்தைத் திறங்கள். படித்து முடித்ததும் மூடிவிட்டு, உங்கள் சொந்த வாக்கியத்தில் அரைப் பக்கம் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் புரியாத இடம். மஞ்சள் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடு போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாமே முக்கியம் என்றால் எதுவுமே முக்கியமில்லை என்றுதானே ஆகிறது?

இரண்டு புத்தகங்கள் முரண்பட்டால் பயப்பட வேண்டாம். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1954 என்று ஒன்று சொல்லும், 1962 என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் சரி. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. பிரான்சின் ஒப்புதலோடு சட்டப்படியான மாற்றம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். இந்த வித்தியாசத்தை விடையில் எழுதினால், திருத்துகிறவர் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துவார்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலும் சில பக்கங்கள் புரட்டுங்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர், 1736 முதல் 1761 வரை தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறார். சென்னை பிடிபட்ட மாதங்களில் புதுச்சேரி என்ன பேசிக்கொண்டது என்று பாடநூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கைடு? வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். தோழியிடம் இருப்பதைத் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில் கடன் வாங்குங்கள், பழைய வினாத்தாள்களோடு சேர்த்துப் பாருங்கள். எந்த மாதிரிக் கேள்வி வரும், ஐந்து மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எழுதுவது என்பதற்கு அது உதவும். ஆண்டுகளை மட்டும் அதை நம்பி மனப்பாடம் பண்ணாதீர்கள். கைடுகளில் அச்சுப் பிழை சர்வசாதாரணம்.