முழுத் தாங்கிக்கும் எழாத முள்: பழைய பிக்கப்பின் டீசல் மீற்றர்

கேள்வி: என்னிடம் 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த ரொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப் இருக்கிறது. அச்சுவேலியிலிருந்து தம்புள்ளைக்கு வாழைக்குலையும், இடையிடையே மயிலிட்டியிலிருந்து மீன் பெட்டிகளும் ஏற்றுகிறேன். சென்ற ஆண்டு தாங்கியை நிரப்பினாலும் டீசல் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. இப்போது அடியிலேயே கிடக்கிறது. வெப்பநிலை முள் ஒழுங்காக வேலை செய்கிறது. மீற்றர் போர்ட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கராச்சில் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அந்தக் காலத்து ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் டீசல் முள்ளுக்கும் வெப்பநிலை முள்ளுக்கும் ஒரே மின்னழுத்தச் சீராக்கியிலிருந்துதான் மின்சாரம் போகிறது. அது பழுதானால் இரண்டு முட்களும் சேர்ந்தே பிழையாகக் காட்டும். உங்கள் வண்டியில் ஒன்று மட்டுமே பிழைப்பதால், தாங்கியின் பக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தாங்கிக்குள் இருக்கும் டாங்க் யூனிட்டில், மிதவையோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு கம்பி, மின்தடைச் சுருளின் மேல் உரசிச் செல்கிறது. ரொயோட்டாவில் தாங்கி நிறைந்திருக்கும்போது தடை சில ஓம்களாகவும், பாதியில் ஏறத்தாழ 33 ஓமாகவும், வெறுமையில் ஏறத்தாழ 110 ஓமாகவும் இருக்கும். தடை கூடக் கூட முள் கீழே இறங்கும் என்பதால், வயரின் பாதையில் எங்கேனும் துரு ஏறித் தன் பங்குக்குத் தடையைக் கூட்டினாலும், டீசல் குறைந்துவிட்டதாகவே மீற்றர் காட்டும். முள் முதலில் பாதியில் நின்று, பிறகு அடியோடு விழுந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது, மெல்ல மெல்லத் துருவேறிப் போன ஓர் இணைப்புக்கு நன்றாகவே பொருந்துகிறது.

மீன் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து வடியும் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர், பின்பெட்டியின் இடுக்குகளால் இறங்கித் தாங்கியின் மேற்பரப்பில் விழுகிறது. அங்கே ஏற்கெனவே படிந்திருக்கும் செம்மண் அதை உறிஞ்சி, வெயிலிலும் காயாத ஈரப்பற்றாக வைத்துக்கொள்கிறது. டாங்க் யூனிட்டின் வயர் பிளக்கும், அதைச் சேசிசின் இரும்போடு இணைக்கும் ஏர்த் வயரும் அந்தப் பற்றுக்குள்தான் கிடக்கின்றன. பிளக்கை இழுத்துப் பார்த்தால், செப்பு முனையில் பச்சைப் பொடி பூத்திருப்பதைக் காண்பீர்கள் என்றே எதிர்பார்க்கிறேன்.

பிளக்கைக் கழற்றி, மீற்றருக்குப் போகும் வயரை 3.4 வாட் சிறு மின்குமிழ் ஒன்றின் வழியாகச் சேசிசின் சுத்தமான இரும்பில் தொடுத்து, சாவியைத் திருப்புங்கள். மின்குமிழ் எரிந்து, முள் மேல்நோக்கி நகர்ந்தால் மீற்றரும் முன்னிருந்து வரும் வயரும் நலம். பழைய முட்கள் மெதுவாகவே ஏறும் என்பதால் சிறிது நேரம் பொறுத்திருங்கள். குமிழ் இல்லாமல் நேரடியாக ஏர்த்தில் நெடுநேரம் பிடித்தால், நல்ல மீற்றரும் சூடேறிக் கெடக்கூடும். முள் அசையவே இல்லையென்றால் மட்டுமே வயரையும் மீற்றரையும் பார்க்க வேண்டும்.

முள் நகர்ந்தால், பிளக்கைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டி, பற்றரியின் எதிர்முனையிலிருந்து தனி வயர் ஒன்றை டாங்க் யூனிட்டின் ஏர்த் முனைக்குக் கொண்டுவந்து தொடுங்கள். முள் எழுந்துவிட்டால் பழுது ஏர்த்தில்தான். சேசிசில் அது பூட்டப்பட்ட இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, புதிய வயர் போட்டு, மேலே கிரீஸ் பூசிவிட்டால் போதும்.

அப்போதும் எழாவிட்டால் டாங்க் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். பற்றரியைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள்; டீசல்தானே என்று தாங்கியின் அருகே நெருப்பையோ வெல்டிங்கையோ கொண்டுவர வேண்டாம். 60 லீற்றர் டீசலே ஏறத்தாழ 50 கிலோ நிறை என்பதால், தாங்கி வெறுமையாக இருக்கும் நாளில் இறக்குவது நல்லது. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே டீசல் குலுங்கினால் அதில் ஓட்டை விழுந்திருக்கிறது. துடைத்துச் சுடுநீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். மிதவை நலமென்றால், தடையை அளக்கும் மல்ரிமீற்றரை வைத்துக் கம்பியை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். தடை இடையில் எங்காவது அறுந்து போனால் சுருள் தேய்ந்துவிட்டது.

புதிதாக வாங்கும்போது, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் யூனிட்டைத் தவிருங்கள். அவற்றுள் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை, நிறைவில் 33 ஓமும் வெறுமையில் 240 ஓமும் காட்டும். அதை உங்கள் மீற்றரோடு இணைத்தால், தாங்கி நிறைந்திருந்தும் முள் பாதியிலேயே நிற்கும். ஹைலக்ஸில் இருந்து கழற்றிய, தடை அளந்து பார்த்த பழைய யூனிட்டே அதைவிட மேலானது.

இவை முடியும் வரை, நிரப்பிய ஒவ்வொரு முறையும் கிலோமீற்றரைக் குறித்து வைத்து ஓடுங்கள். டீசல் முற்றாகத் தீர்ந்தால் குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும். பில்டரின் கைப்பம்பை அடித்து அதை வெளியேற்றாமல் என்ஜின் கிளம்பாது. என்ஜினுக்கு டீசலைச் செலுத்தும், டீசலாலேயே மசகிடப்படும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் அது கேடு. யூனிட்டை மீண்டும் தாங்கிக்குள் பூட்டுமுன், தாங்கியின் வாயை மூடி, யூனிட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு, வயரையும் ஏர்த்தையும், பிறகு பற்றரியையும் இணைத்துச் சாவியைத் திருப்புங்கள்; கம்பியைக் கையால் உயர்த்திப் பிடித்து, முள் உச்சிவரை போகிறதா என்று ஒருவரை முன்னால் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.