பேட்டியில் ஒரு பெண் அழுதார்: கேட்டவர் போலீசில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தலைமைப் பொறுப்பில் இருக்கும் பெண்கள் வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது தலைப்பு. உயர் பதவியில் இருக்கும் ஒருவரைப் பேட்டி எடுத்தேன். முதல் அரை மணி நேரம், “என் கணவர் ஆதரவு இல்லாவிட்டால் நான் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டேன்” என்றார். அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டார். முக்கியமான மீட்டிங் இருக்கும் நாளில் கணவர் லேப்டாப் சார்ஜரை ஒளித்து வைத்துவிடுவாராம். சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு அவர் கையில்தான் இருக்கிறதாம். பதவி உயர்வு வந்த அன்று இரவு அடித்திருக்கிறார். எல்லாம் பதிவாகியிருக்கிறது. நான் போலீசில் சொல்லாவிட்டால் என் மீது வழக்கு வருமா? கணவர் அந்தப் பதிவை வாங்க முடியுமா? என் வழிகாட்டியோ, “தலைப்புக்குச் சம்பந்தமில்லை, அந்தப் பேட்டியை எடுத்துவிடு” என்கிறார்.

பதில்: முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால், போலீசில் சொல்லவில்லை என்பதற்காக உங்கள் மீது வழக்கு வராது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பிரிவு 4, இப்படி ஒரு கொடுமை நடப்பதாக நம்பும் யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் அதிகாரி) தகவல் ‘கொடுக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது. சில குற்றங்களைப் பற்றித் தெரிந்தால் பொதுமக்கள் தகவல் சொல்லியே தீர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. கணவன் செய்யும் கொடுமையும், அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் கொலை அந்தப் பட்டியலில் இருக்கிறது, கொலை செய்யும் எண்ணம் ஒருவருக்கு இருப்பது தெரிய வந்தாலும் சொல்ல வேண்டும். உயிருக்கே ஆபத்து என்று அவர் பேச்சிலிருந்து உங்களுக்குத் தோன்றினால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அதேபோல, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாகத் தெரிய வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்வது கட்டாயம், மறைத்தால் தண்டனை உண்டு.

சரி, ‘கொடுக்கலாம்’ என்று இருக்கிறதே, கொடுத்துவிடலாமா? அந்தப் பெண்ணைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புகார் வந்ததும் பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார், நகல் காவல் நிலையத்துக்குப் போகும். அதன் பிறகு விஷயம் உங்கள் கையில் இல்லை, அவர் கையிலும் இல்லை. ‘வெளியில் யாரிடம் சொன்னாய்?’ என்ற கேள்வியை அன்று இரவு அந்த வீட்டுக்குள் சந்திக்கப் போகிறவர் அவர்தான்.

அடுத்தது பதிவு. இதில்தான் எனக்குக் கவலை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆராய்ச்சியாளரிடம் சொன்னதற்கு இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. நாளை இவர்களுக்குள் விவாகரத்தோ ஜீவனாம்சமோ வழக்காகி, பதிவைக் கொண்டு வா என்று நீதிமன்றம் சம்மன் அனுப்பினால், “ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்” என்ற பதில் நிற்காது. கணவர் நேரடியாக வந்து கேட்டால் தர வேண்டியதில்லை, தராதீர்கள். ஆனால் நீதிமன்றம் வழியாக அவர் முயற்சி செய்யலாம். கிடைத்தால் அவருடைய வக்கீல் எந்தப் பகுதியைப் போட்டுக் காட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? முதல் அரை மணி நேரத்தைத்தான். “ஆதரவான கணவர் என்று நீங்களே சொன்னீர்களே அம்மா?” என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்.

அதனால் பேட்டியை எழுத்தாக்கி, பெயர், நிறுவனம், பதவி, ஊர் எல்லாவற்றையும் மாற்றி, ஒலிப்பதிவை அழிக்கும் வேலையை உங்கள் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட முறைப்படி சீக்கிரம் முடியுங்கள். சம்மன் வந்த பிறகு அழித்தால் அது தனிக் குற்றம். இதோடு, ஒப்புதல் படிவத்தில் ‘முழு ரகசியம் காக்கப்படும்’ என்று அச்சிட்டிருந்தால், இனி எடுக்கப்போகும் பேட்டிகளுக்காவது ‘சட்டம் கட்டாயப்படுத்தினால் தவிர’ என்று சேர்த்துவிடுங்கள். காப்பாற்ற முடியாத வாக்கை நம்பி ஒரு பெண் பேசக் கூடாது.

உங்கள் வழிகாட்டியோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண் சொன்னது முழுக்க முழுக்கத் தலைப்புக்கு உட்பட்டதுதான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிகளில் சில படிவங்கள் இருக்கின்றன. வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, வேலை செய்வதற்கு இடையூறு செய்வது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் பொருளாதார வன்முறை என்று அவற்றில் எழுதியே இருக்கிறது. சார்ஜரும் ஏடிஎம் கார்டும் அதற்குள் வருகின்றன. ‘வேலையும் வீடும் சமநிலை’ என்ற தலைப்பில் நீங்கள் குறித்து வைத்திருப்பதைச் சட்டம் வன்முறை என்று அழைக்கிறது. மற்றப் பேட்டிகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை திரும்பப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு துறையில் அந்தப் பதவியில் ஒரே ஒரு பெண்தான் இருப்பார். பெயரை மாற்றினாலும் ‘பதவி உயர்வு வந்த இரவு’ என்ற ஒரு வரி போதும், அலுவலகமே கண்டுபிடித்துவிடும். பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்கு அப்படி ஒரு தடை இல்லாததால், அவரை மறைக்கும் பொறுப்பு உங்களுடையது.

அவருக்கு உங்களால் செய்யக்கூடியது, தகவலைக் கொண்டு சேர்ப்பது. பெரிய சம்பளம் வாங்குகிறவர்கள், ‘சட்ட உதவியெல்லாம் ஏழைகளுக்கு’ என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்ணுக்கு இலவச சட்ட உதவி கிடைக்க வருமான வரம்பே கிடையாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி குடியிருக்கும் இடத்தில் மனு போடத் தயக்கமாக இருந்தால், வேலை பார்க்கும் இடத்துக்குரிய மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் போடலாம். கணவர் அலுவலகத்துக்குள் நுழையக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் உத்தரவு வாங்க முடியும். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. எந்த நேரமும் அழைக்க 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு தாளில் அச்சிட்டு, உங்களிடம் பேட்டி கொடுத்த எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். அப்போது யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அந்தப் போனை வேறு யார் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. தேசியக் குடும்ப நல ஆய்வில் குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், அதுவும் தனிமை கிடைத்தால் மட்டும்தான் கேட்பார்கள். நீங்களும் அவரை அலுவலக நேரத்தில் கூப்பிடுங்கள். எடுத்ததும், “இப்போது பேசலாமா?” என்று கேளுங்கள். தயங்கினால், ஆய்வுக்கு ஒரு தேதி சரிபார்க்கக் கூப்பிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டு, இன்னொரு நாள் முயற்சி செய்யுங்கள்.