திரும்பி வந்த கட்டிக்கு பழைய ரிப்போர்ட் போதாதா?

கேள்வி: என் பையனுக்கு ஆறு வயசுல சிறுமூளையில மெடுலோபிளாஸ்டோமா கட்டி. ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு நல்லாத்தான் இருந்தான். மூணு வருஷம் கழிச்சு இப்ப எம்ஆர்ஐல மறுபடி தெரியுது. திரும்பவும் பயாப்ஸி எடுத்து ஜீன் டெஸ்ட் பண்ணணும்ங்கறாங்க. அதான் பழைய ரிப்போர்ட் இருக்கே டாக்டர், பிள்ளையை எதுக்கு மறுபடி அறுக்கணும்? இது எங்க வழியா வந்த கோளாறா?

பதில்: மூணு வருஷமா ஒவ்வொரு ஸ்கேனுக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுப் போயிருப்பீங்கம்மா, இந்த நேரத்துல மறுபடி ஊசி, கத்தின்னா மனசு எப்படி ஒத்துக்கும். ஆனா இடம் ஆபத்தில்லைன்னு சர்ஜன் சொன்னா பண்ணிடுங்க, ஏன்னா திரும்பி வந்தது முழுக்க பழைய கட்டி கிடையாது. முதல் தடவையே கட்டிக்குள்ள வேற மியூட்டேஷனோட, அதாவது ஜீன்ல வேற மாற்றத்தோட, கொஞ்சூண்டு செல்லுங்க ஒளிஞ்சிருக்கும், சிகிச்சையில மத்ததெல்லாம் செத்துப்போக இதுங்க மட்டும் தப்பிச்சுப் பெருகுது, 2016ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு இதைத்தான் காட்டுச்சு. டபிள்யூஎன்டி, எஸ்ஹெச்ஹெச், குரூப் 3, குரூப் 4ன்னு பழைய ரிப்போர்ட்ல இருக்கிற வகை பெரும்பாலும் மாறாது, ஆனா அதுக்குக் கீழ மியூட்டேஷனைச் சொல்ற வரிங்க மாறும். முன்னாடி இல்லாத மியூட்டேஷன் இப்ப டிபி53ங்கிற ஜீன்ல இருக்கலாம்.

அதனால என்னன்னா, எஸ்ஹெச்ஹெச் வகையில, செல்லை வளரச் சொல்ற சிக்னலைக் கடத்துற எஸ்எம்ஓங்கிற புரதத்தை அடைக்கிற மாத்திரை இருக்கு. கோளாறு அந்த சிக்னல் பாதையில எஸ்எம்ஓவுக்கும் கீழ, எஸ்யுஎஃப்யு ஜீன்ல இருந்துச்சுன்னா மாத்திரை வேலையே செய்யாது. வளர்ற பிள்ளைங்களுக்கு அந்த மாத்திரை எலும்பு நீளமா வளர்ற இடமான வளர்ச்சித் தட்டையும் சீக்கிரமே மூடிடும், பலனில்லாம அந்த விலையை ஏன் கொடுக்கணும்? இன்னொண்ணு, ரேடியேஷன் வாங்கின இடத்துல சில பிள்ளைங்களுக்கு புதுசா க்ளையோமாங்கிற வேற வகை மூளைக் கட்டி வரும், எம்ஆர்ஐல மட்டும் பார்த்து அதைப் பிரிக்கிறது கஷ்டம்.

2024ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச டோவோராஃபெனிப்ங்கிற மருந்தைப் பத்தி யாராவது சொன்னா ஏமாந்துடாதீங்க, அது பிராஃப் ஜீன் மாறின, மெதுவா வளர்ற க்ளையோமாவுக்கு.

உங்க வழியா வந்ததான்னு உறுத்திக்கிட்டே இருக்காதீங்க. பெரும்பாலான பிள்ளைங்களுக்கு மியூட்டேஷன் கட்டியோட செல்லுல மட்டும்தான். ஆனா எஸ்ஹெச்ஹெச் வகையில சுமார் 20 சதவீதம் பேருக்கு பிறவியிலேயே இருக்கும், பையனோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சிடும். டெஸ்ட் பண்ணினா மருந்து கிடைச்சே தீரும்னு நான் சொல்ல மாட்டேன். முதல் ஆபரேஷன்ல எடுத்த திசு லேப்ல மெழுகு பிளாக்கா இருக்கும், அதையும் கேட்டு வாங்கி புதுசோட சேர்த்து ஒப்பிடச் சொல்லுங்க.