கோல் விழுமுன்பே குழுவில் செய்தி வந்துவிடுகிறது: பதில்

இணையத்தில் ஃபுட்பால் மேட்சை நேரலையாகப் பார்க்கும்போது, 100 எம்பிபிஎஸ் வேகம் இருந்தும் படம் ஒரு நிமிடம் பின்தங்குகிறது, கோல் விழுந்த செய்தி நண்பர்கள் குழுவில் முதலில் வந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இணைய வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. மேட்ச் ஓடும்போது வீடியோ பிளேயரில் உள்ள 'லைவ்' பொத்தானை அழுத்துங்கள், இல்லையென்றால் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள்.  அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பகுதி இதிலேயே குறையலாம்.

பெரும்பாலும் காரணம் பஃபரிங்தான், அதாவது வீடியோவைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டுவது. நேரலை வீடியோ சில விநாடித் துண்டுகளாக வருகிறது. நேரலை வீடியோ அனுப்பப் பரவலாகப் பயன்படும் ஹெச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு சுமார் 6 விநாடி. பிளேயர் வழக்கமாக மூன்று துண்டாவது பின்னால் நின்றுதான் ஓடத் தொடங்கும். ஆக 18 விநாடி அங்கேயே போச்சு. அதன்பிறகு படம் சுற்றிச் சுற்றி நின்றால், பல பிளேயர்கள் நின்ற இடத்திலிருந்தே தொடரும். ஒவ்வொரு நிறுத்தமும் தாமதத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

சோதிக்க: திரையில் தெரியும் ஆட்டக் கடிகாரத்தை நண்பர் ஒருவரின் டிவியோடு ஒப்பிடுங்கள். ரீலோட் செய்தபின் மறுபடி பாருங்கள். இடைவெளி குறைந்தால் சிக்கல் உங்கள் பக்கம். வைஃபையை விட்டுக் கேபிளில் இணையுங்கள், நிற்பது குறையும். குறையவே இல்லையென்றால் ஒளிபரப்புபவரின் தாமதம், நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. யூடியூப் என்றால் வீடியோமேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்கள், லைவ் லேட்டன்சி, அதாவது எவ்வளவு பின்தங்குகிறீர்கள் என்பது, விநாடியில் தெரியும்.

ஒன்று மட்டும்: தாமதத்தை ரொம்பக் குறைத்தால் பிளேயர் சேர்த்து வைத்திருக்கும் வீடியோவும் குறையும், இணையம் லேசாகத் தடுமாறினாலே படம் நிற்கும். பெனால்டி நேரத்தில் அது இன்னும் கொடுமை. ஆன்டெனா வைத்து டிவியில் பார்ப்பவரைப் பெரும்பாலும் முந்த முடியாது. குழுவை மேட்ச் முடியும்வரை மியூட்டில் போடுங்கள்.