மாவு வியாபாரத்துக்கு மூன்று வயது: நகையை விற்று இரண்டாவது யூனிட் போடலாமா?

கேள்வி: வீட்டிலேயே இட்லி, தோசை மாவு அரைத்து விற்கிறேன். தொழிலுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, மூன்று. தினமும் 60 கிலோ, கிலோ 50 ரூபாய். அதில் 45 கிலோ மளிகைக் கடைகளுக்குப் போகிறது. மாதம் 26 நாள் அரைக்கிறேன். கணக்குப்படி செலவு போக 14,000 ரூபாய் மிஞ்ச வேண்டும், ஆனால் கையில் எதுவும் நிற்பதில்லை. கடைக்காரர்கள் 38,000 ரூபாய் பாக்கி. மூடிவிடு என்கிறார் கணவர். 5 லட்சம் கடன் வாங்கியோ, 8 பவுன் நகையை விற்றோ இன்னொரு யூனிட் போடலாம் என்பது என் எண்ணம். எது சரி?
வாசகி, திருப்பூர்

பதில்: மூன்று வயதுக் குழந்தையிடம் ‘எப்போது சம்பாதிப்பாய்’ என்று யாரும் கேட்பதில்லை. அதன் தோளில் பத்தாம் வகுப்புப் பையை மாட்டுவதும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் செய்வது முதலாவது, நீங்கள் செய்யப் பார்ப்பது இரண்டாவது.

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் குறிப்பார்கள், இல்லையா? உங்கள் தொழிலுக்கு அந்த அட்டையே இல்லை. மாதம் 78,000 என்பது விற்பனை. அதை எடை என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாதக் கடைசியில் தொழிலின் கணக்கில் நிற்கும் பணம்தான் எடை. கல்லாவிலிருந்தே பால்காரருக்கும் கேஸுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால் அது எப்படித் தெரியும்? தனியாக ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். ஒன்றாம் தேதி உங்கள் சம்பளமாக 5,000 ரூபாய் எடுங்கள், அதோடு சரி. புளித்துத் திரும்பி வரும் பாக்கெட்டுகளையும் கடைவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். சித்திரை வெயிலில் லாபத்தைத் தின்பது பெரும்பாலும் அவைதான். 14,000 கணக்குப் போட்டபோது அவற்றைச் சேர்த்தீர்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

அடுத்தது பாக்கி. கடைகளுக்கு ஒரு நாள் போவது 2,250 ரூபாய் மாவு. அப்படிப் பார்த்தால் 38,000 என்பது ஏறக்குறைய 17 நாள் சரக்கு. அரிசி, உளுந்துக்கு நீங்கள் ரொக்கம் கொடுக்கிறீர்கள், கடைக்காரர் விற்று முடித்த பிறகும் உங்கள் பணத்தை வைத்திருக்கிறார். வாரக் கணக்கு என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். ஆறு நாள் சரக்கான 13,500 மட்டும் வெளியே இருந்தால், 24,500 ரூபாய் வட்டியில்லாமல் உங்களிடமே திரும்பும். ஒன்றிரண்டு கடைகள் போகலாம். போகட்டும். வந்த பணத்தில் 15,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள், கிரைண்டர் மோட்டார் சொல்லிக்கொண்டு பழுதாவதில்லை.

இப்போது கடன். 5 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் தவணை மாதம் சுமார் 10,870 ரூபாய். நீங்கள் சொல்லும் 14,000 முழுசாக நின்றால்கூட மிச்சம் 3,130தான், உங்கள் சம்பளத்துக்கே போதாது. சிறு தொழில்களுக்கு அடமானம் கேட்காமல் தரும் முத்ரா கடனில் சிசு, கிஷோர், தருண், தருண் பிளஸ் என்று அரசே வளர்ச்சிக்கு ஏற்றபடி பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் கேட்கும் தொகை கிஷோர் பிரிவின் உச்சவரம்பு. 50,000 ரூபாய் வரையிலான சிசுவே உங்களுக்கு இன்னும் தேவைப்படவில்லை.

நகை விஷயத்தில் மட்டும் தொழிலும் ஒரு குழந்தை என்ற ஒப்பீட்டை மறந்துவிடுங்கள். மகளுக்கு உடம்பு முடியாவிட்டால் 8 பவுனையும் விற்பீர்கள், யாரும் தடுக்க முடியாது. தொழிலுக்கு அந்த உரிமை கிடையாது. அதற்கு இவ்வளவுதான் போடுவேன், இந்தத் தேதி வரைதான் பார்ப்பேன் என்று எல்லை வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதை நீங்கள் இருவரும் இப்போதே பேசி எழுதிவையுங்கள், நஷ்டம் வந்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

ஆறு மாதம் இப்படி ஓட்டுங்கள். உங்கள் சம்பளம் போக மாதம் 8,000 ரூபாயாவது கணக்கில் நின்றால், அதே வீட்டில் இன்னொரு கிரைண்டர் வாங்க சிசு கடனுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது யூனிட்டைப் பற்றி அதன் பிறகு எழுதுங்கள். எதுவுமே நிற்கவில்லை என்றால், மூடச் சொல்லும் கணவரின் பேச்சை அந்த நோட்டை வைத்துக்கொண்டு கேளுங்கள்.