தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்றால் பால் போதவில்லை என்று அர்த்தமா?

பதினெட்டு நாள் ஆகியும் குழந்தை பிறந்த எடைக்கே வரவில்லை, பால் பவுடர் தொடங்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். பிறந்த சில நாளில் எடை கொஞ்சம் குறைவது வழக்கம்தான். ஆனால் இரண்டு வாரத்துக்குள் அது திரும்பி வந்துவிட வேண்டும்.

என் மகள் பிறக்கும்போது 2.8 கிலோ. பதினைந்தாம் நாள் 2.62. வீட்டில் எல்லோரும் "பால் பத்தல" என்றார்கள். அம்மா பூண்டை வதக்கிப் போட்டார், மாமியார் பால்சுறா புட்டு செய்து அனுப்பினார். நன்றாகச் சாப்பிட்டேன். எடை மட்டும் ஏறவில்லை.

மருத்துவர் மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, பால் கொடுப்பதைக் கவனிக்கச் சொல்லி ஒரு நர்ஸம்மாவிடம் அனுப்பினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "பால் இருக்கும்மா. பிள்ளைதான் குடிக்கல, காம்பைச் சப்பிக்கிட்டே தூங்குது."

உண்மைதான். வாயிலிருந்து எடுக்கும்போது காம்பு ஒரு பக்கமாக நசுங்கி இருக்கும், எரிச்சல் உயிர் போகும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவர் குழந்தையைத் திருப்பி, அதன் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி வைத்தார். மூக்குக்கு நேரே காம்பு. கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, சட்டென்று குழந்தையை மார்போடு சேர்த்தார். கீழுதடு வெளியே மடிந்தது, தாடை மார்பில் பதிந்தது, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போனது. வலி இல்லை. இரண்டு மூன்று சப்புக்கு ஒரு தடவை 'க்ளக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. பதினைந்து நாளில் அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன், அழுதுவிட்டேன்.

பால் வெளியே போகப் போகத்தான் சுரக்கும். குழந்தை சரியாக எடுக்காவிட்டால், இருக்கிற பாலும் நாளடைவில் குறைந்துவிடும். அதனால் ஒரு வாரம் இதையே வேலையாக வைத்துக்கொண்டேன். ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 தடவை கொடுத்தேன். தூங்கினால் சட்டையைக் கழற்றி வெறும் நெஞ்சில் போட்டுக்கொள்வேன், உள்ளங்காலைத் தேய்ப்பேன். சப்புவது மெதுவானால் மார்பை லேசாக அழுத்திப் பிடிப்பேன், உடனே மறுபடி விழுங்கும். குடித்து முடித்த பிறகு கையால் பீய்ச்சி, கிடைத்ததைப் பாலாடையில் (பால் புகட்டும் சின்னக் கிண்ணம்) கொடுத்தேன். சில நேரம் 15 மில்லிதான் வரும். அதையும் விடவில்லை.

அடுத்த வாரம் 190 கிராம் ஏறியிருந்தது. முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. எடை போடும்போது அதே தராசில், துணி இல்லாமல் போடுங்கள். வீட்டில் தினமும் போட்டுப் பார்த்து மனசை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஏறாமல் போகலாம். நாக்கு அடியில் ஒட்டியிருக்கலாம், தாய்க்குத் தைராய்டு கோளாறு இருக்கலாம். இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் பவுடர் பால் சேர்க்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். என் அண்ணி மூன்று வாரம் கொடுத்துவிட்டு, திரும்ப முழுக்கத் தாய்ப்பாலுக்கு வந்தார். பாலில் அளவுக்கு மேல் தண்ணீர் கலப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு எதுவும் வேண்டாம், யார் சொன்னாலும்.

இன்றிலிருந்து ஈரத்துணியை எண்ணுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும். அது குறைந்தாலோ, குழந்தை துவண்டு எழுப்பினாலும் குடிக்காமல் இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ராத்திரி என்றாலும் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.